காணி உறுதியும் அரசியல் ஒப்பந்தமும்: தெல்லிப்பழைச் செல்வநாயகம் பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் அரசியலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தலைவர்களின் பேச்சுக்களையும் கட்சித் தீர்மானங்களையுமே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டுள்ளனர். அத்தலைவர்கள் எத்தொழிலால் வாழ்ந்தனர், அத்தொழில் அவர்தம் சிந்தனைக்கு எத்தகைய வார்ப்பினை அளித்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்து அரசியல் பெரும்பாலும் வழக்கறிஞர்களின் அரசியலாகவே இருந்தது என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அதனை ஒரு நகைச்சுவைக் குறிப்பாகக் கூறிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கமாகிவிட்டது.

சா. ஜே. வே. செல்வநாயகத்தைப் பற்றி இன்று வழங்கும் இருவகைச் சித்திரங்களும் இக்குறையை உடையன. அன்பர்கள் அவரைத் ‘தந்தை’ என்றனர். அறவலிமையால் ஓர் இனத்தை வழிநடத்திய முனிவராகக் கண்டனர். எதிர்த்தோர், அவர்களுள் இடதுசாரிகளும் அடங்குவர், அவரை வகுப்புவாதி என்றும் மேட்டுக்குடியின் பிரதிநிதி என்றும் கூறி அமைந்தனர். முதலாவது வழிபாடு, இரண்டாவது வசை. சமூக விஞ்ஞான நோக்கு இரண்டினாலும் நிறைவுறுவதில்லை. ஒருவரது வர்க்கப் பின்னணியைச் சுட்டிக்காட்டுவது ஆய்வின் தொடக்கமே அன்றி முடிவன்று. அவ்வர்க்கத்தின் நலனுக்கு மாறாக அவர் நின்ற சந்தர்ப்பம் ஒன்று இருக்குமாயின் அதனையும் விளக்கியாக வேண்டும். செல்வநாயகத்தின் வாழ்க்கையில் அத்தகைய சந்தர்ப்பம் இருந்தது. அதற்கு நேர்மாறாக, பேச வேண்டிய இடத்தில் அவர் வாளாவிருந்த சந்தர்ப்பமும் இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கவல்லது அவரது தொழில் எனக் கருதுகிறோம். அவர் குடியியல் வழக்கறிஞர். காணியும் உறுதியும் ஒப்பந்தமும் பற்றி வாதாடியவர்.

1

செல்வநாயகம் தெல்லிப்பழையிற் பிறந்தவரல்லர். 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மலாயாவின் ஈப்போவிற் பிறந்தார். தந்தையார் வேலுப்பிள்ளை தெல்லிப்பழையிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் தாயார் அவர்களுடன் ஊர் திரும்பியபோது செல்வநாயகத்துக்கு நான்கு வயது அளவில் இருக்கும். தந்தை மலாயாவில், தாயும் பிள்ளைகளும் ஊரில் என்னும் இவ்வேற்பாடு அக்காலத்து யாழ்ப்பாணத்திற் புதுமையானதன்று. பிரித்தானிய மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் ஆங்கிலம் கற்ற ஆள்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணம் அவர்களை அனுப்பியது. அங்கு ஈட்டிய சம்பளம் இங்கு காணியாகவும் கல்வீடாகவும் சீதனமாகவும் உருமாறியது.

தெல்லிப்பழை இம்மாற்றத்துக்கு முற்பட்டே தயாராக இருந்த ஊர். அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிலேயே இங்கு நிலையம் அமைத்துப் பாடசாலையும் தொடங்கினர். பிற்காலத்து யூனியன் கல்லூரி அதன் தொடர்ச்சியாகும். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1910இல், பாவலர் துரையப்பாபிள்ளை இதே ஊரில் மகாஜனக் கல்லூரியை நிறுவினார். மிஷன் பள்ளியும் அதற்கு எதிர்வினையாக எழுந்த சைவப் பள்ளியும் ஒரே ஊரில் நின்றமை, செம்மண் தோட்டங்களின் வருவாயாற் படித்து வெளியேற விரும்பிய ஒரு வகுப்பின் ஆர்வத்தைக் காட்டுகிறது. செல்வநாயகம் யூனியன் கல்லூரியிலும் பின்னர் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் அதன் பின்னர் கொழும்பு பரி. தோமாவின் கல்லூரியிலும் கற்றார். இறுதியாகக் கூறிய கல்லூரியில் அவர் காலத்தில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் மாணவராக இருந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றுச் சிலகாலம் ஆசிரியத் தொழில் பார்த்து, சட்டம் பயின்று, 1923இல் அப்புக்காத்து ஆனார்.

இவ்விடத்திற் சட்டத்துக்கும் யாழ்ப்பாணச் சமூகத்துக்கும் இடையிலான உறவைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், யாழ்ப்பாணத்தின் வழக்காறுகள் தேசவழமை என்னும் பெயரில் தொகுக்கப்பட்டன. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமையின் உயிர்நாடி சொத்தாகும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது மூவகையாகப் பிரிக்கிறது. காணியொன்றை விற்கும்போது பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டென்கிறது. நிலம் சிறிது, மக்கள் தொகை பெரிது. ஒவ்வொரு தலைமுறையிலும் காணி துண்டாகிறது. பரப்புக் கணக்குக் குழிக் கணக்காகக் குறுகியபோது வேலிச் சண்டையும் ஒழுங்கைச் சண்டையும் கிணற்றுப் பங்குச் சண்டையும் நீதிமன்றம் ஏறின. நொத்தாரிசு எழுதிய உறுதி வீட்டின் இரும்புப் பெட்டியில் நகையுடன் வைத்துப் பேணப்பட்டது. யாழ்ப்பாணத்தவன் அரசை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்த இடம் பெரும்பாலும் நீதிமன்றமே. அங்கு ஆவணம் பேசும். ஆவணம் உள்ளவன் வெல்வான் என்னும் நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. பிரக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் இந்நம்பிக்கையின் பூசகர்கள்.

செல்வநாயகம் தமது தொழிலை ஊர் நீதிமன்றங்களிலன்றிக் கொழும்பு புதுக்கடையிலேயே நடத்தினார். அவரது அரசியற் சமகாலத்தவர்களுடன் ஒப்பிடுமிடத்து ஒரு வேறுபாடு புலனாகும். ஜி. ஜி. பொன்னம்பலமும் கொல்வின் ஆர். டி. சில்வாவும் குற்றவியல் வழக்குகளாற் புகழ்பெற்றவர்கள். யூரிமாரின் உள்ளத்தை அசைப்பதும் சாட்சியைக் குறுக்குவிசாரணையில் மடக்குவதும் அவர்தம் கலை. செல்வநாயகத்தின் குரல் மெலிந்தது. பிற்காலத்தில் நடுக்குவாதமும் செவிப்புலக் குறைவும் சேர்ந்துகொண்டன. மேடையில் அவர் பேசியது எல்லாருக்கும் கேட்டிராது. அவர் பழகிய நீதிமன்றத்தில் யூரிமார் இல்லை. நீதிபதியும் ஆவணமும் மட்டுமே இருந்தன. நாவன்மைக்குப் பேர்போன தமிழ் அரசியலில் நாவன்மையற்ற ஒருவர் முப்பதாண்டுகள் தலைமை வகித்தமை விந்தையன்று. காணிக்காரச் சமூகம் நம்பியது நாவை அன்று, கையொப்பத்தை.

2

1944இல் தொடங்கப்பட்ட தமிழ்க் காங்கிரசில் செல்வநாயகம் பொன்னம்பலத்துக்கு அடுத்த நிலையில் இருந்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், தெல்லிப்பழையை உள்ளடக்கிய காங்கேசன்துறைத் தொகுதியில் வெற்றியீட்டிப் பாராளுமன்றம் புகுந்தார். அதே ஆண்டில் அவருக்கு மன்னரின் அப்புக்காத்து என்னும் பட்டமும் கிடைத்தது. ஐம்பது வயதை அண்மித்த, வசதியான, ஆங்கிலம் பேசும் கிறித்தவ வழக்கறிஞர் ஒருவர் அமைச்சர் பதவியை எதிர்நோக்கியிருப்பது இயல்பாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தவையே அவரைப் பிறரினின்றும் பிரித்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றிருந்தது. தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணைபுரிந்தன. தொழிலாளர் வாக்கு ஒரு வர்க்கத்தின் வாக்காகத் திரளக்கூடும் என்பதை டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி உடனடியாக உணர்ந்துகொண்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டமும் அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வுணர்வின் விளைவுகளாகும். மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடும் வாக்கும் இழந்தனர். இது முதற்கண் உழைக்கும் வர்க்கத்தின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதல். அவ்வகையில் இடதுசாரிக் கட்சிகள் இதனை எதிர்த்து வாக்களித்தமை அவர்தம் வரலாற்றின் நல்ல பக்கங்களுள் ஒன்று.

தமிழ்க் காங்கிரஸ் முதற் சட்டத்தை எதிர்த்தது. பின்னர் பொன்னம்பலம் அமைச்சரவையிற் சேர்ந்தார். இரண்டாவது சட்டத்துக்கு ஆதரவளித்தார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தனர். காங்கிரஸ் பிளவுற்றது. 1949 டிசம்பர் 18ஆம் நாள், கொழும்பு மருதானையில், இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியது. செனற்றர் இ. மு. வி. நாகநாதன் அவர்களோடு இணைந்திருந்தார்.

யாழ்ப்பாணத்துக் காணிக்காரருக்கும் கந்தோர் உத்தியோகத்தருக்கும் மலையகத் தொழிலாளியின் வாக்குரிமையால் நேரடி ஆதாயம் எதுவுமில்லை. சாதி நோக்கில் அத்தொழிலாளியை அவர்கள் தாழ்வாகவே கருதினர் என்பதும் மறைக்கவொண்ணாதது. அவ்வாறிருக்கச் செல்வநாயகம் ஏன் எதிர்த்தார்? அவர் தொழிலாளர் வர்க்கத்தின் பக்கம் நின்றார் என்று கூறுவது மிகையாகும். அவரது வாதத்தை உற்றுநோக்கின், அது உரிமைமூலம் பற்றிய வாதமாகவே அமைந்திருந்தமை தெரியும். நெடுங்காலம் அனுபவித்துவந்த உரிமையொன்றை ஒரு தரப்பாரின் ஒப்புதலின்றி மறுதரப்பார் பறித்துக்கொள்ளல் ஆகாது. இன்று அவர்களுக்கு நிகழ்ந்தது நாளை மொழியின் பேரால் நமக்கும் நிகழும். நீண்டகால ஆட்சியாற் பிறக்கும் உரிமை பற்றிய குடியியல் நீதிமன்றத்து நியாயமே இங்கு அரசியல் மொழியில் வெளிப்படுகிறது. முதலாளித்துவச் சட்டத்தின் சம்பிரதாய நியாயம் தன்னை நம்பிய ஒருவரை அவரது வர்க்கத்தின் குறுகிய நலனுக்கு அப்பாலும் இட்டுச் செல்லக்கூடும். சட்டத்தை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடும் நம்மவர் சிலர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

அதே நியாயம் நீதிமன்றத்தில் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். கேகாலை மாவட்டத்தில் கொடக்கன் பிள்ளை என்னும் தொழிலாளியின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு விசாரணை அலுவலர் பணித்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. 1951இல் உயர்நீதிமன்றம் அப்பணிப்பை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலும் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்னும் சொல் இல்லை. ஆகவே தமிழருக்குப் பாதகமும் இல்லை! பேரரசின் உச்ச நீதிமன்று இவ்வளவு எளிதாகக் கண்ணை மூடிக்கொண்டது.

1952 தேர்தலில் காங்கேசன்துறை வாக்காளர் செல்வநாயகத்தைத் தோற்கடித்தனர். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் சு. நடேசபிள்ளை, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருகர், பரமேசுவராக் கல்லூரி அதிபராக விளங்கியவர், தஞ்சாவூரிற் பிறந்தவர். இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காகப் பதவியை இழக்கத் துணிந்த ஈப்போவிற் பிறந்தவரை, இந்தியாவிலேயே பிறந்த ஒருவர், அக்குடியுரிமையைப் பறித்த கட்சியின் சார்பில் தோற்கடித்தார். தொகுதியில் 1950இல் நிறுவப்பெற்ற சீமெந்துத் தொழிற்சாலை, அரசுடன் ஒத்துழைப்பதால் வரும் நன்மைக்குக் கண்கண்ட சான்றாக நின்றது. வேட்பாளரின் சமயமும் பேசப்பட்டது. நடுத்தர வர்க்கம் தன் தலைவனை முந்தியோ பிந்தியோ புரிந்துகொள்ளும் என்பது மெய்யாயின், இம்முறை பிந்தியது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் அவ்வர்க்கத்தின் உத்தியோகத்தில் நேராகக் கைவைத்தபோதே செல்வநாயகம் கூறியதை அது செவிமடுத்தது.

3

1956க்குப் பின்னைய நிகழ்ச்சிகள் நன்கறியப்பட்டவை. யூன் 5ஆம் நாள் காலிமுகத்திடற் சத்தியாக்கிரகமும் அங்கு நிகழ்ந்த அடியும் உதையும், ஆகஸ்ட் மாதத்துத் திருகோணமலை மாநாடு, 1958இன் இனக்கலவரம், 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய மறியல், தமிழரசுத் தபால் சேவை, பனாகொடைத் தடுப்புக்காவல் என்பன பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை. நமது கவனத்துக்குரியவை இரு ஆவணங்கள்.

1957 யூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், வடக்குக்கு ஒரு பிரதேச சபையும் கிழக்குக்கு இரண்டோ கூடியனவோ ஆன சபைகளும் அமையும் என்றது. சபைகள் தம்முள் இணையலாம் என்றும், குடியேற்றத்துக்குரியோரைத் தெரியும் அதிகாரம் அவற்றுக்கு உண்டென்றும் கூறியது. இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை விரைவிற் கவனிக்கப்படும் என ஒரு வாசகமும் இடம்பெற்றது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்துகொண்ட உடன்பாட்டிலே பிரதேச சபை மாவட்ட சபையாகச் சுருங்கியது. ஆயின் காணிப் பங்கீட்டு வரிசை நுணுக்கமாக வரையப்பட்டது: முதலில் மாவட்டத்திலுள்ள காணியற்றோர், அடுத்து வட கிழக்கு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோர், அதன்பின் ஏனைய குடிமக்கள், அவர்களுள்ளும் தமிழர்க்கு முன்னுரிமை. தேசவழமை பயின்ற எவரும் இவ்வரிசையைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் காண்பர். பங்காளிக்கும் அயற்காணிக்காரனுக்கும் முன்வாங்கும் உரிமையளிக்கும் அந்தப் பழைய விதியின் சாயல் இதில் இருக்கிறது.

இவ்விரண்டாம் ஆவணத்தில் மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி ஒரு வாசகமேனும் இல்லை. முந்திய ஆண்டில், 1964 ஒக்டோபரில், சிறிமா பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டிருந்தனர். எந்த வினா தமிழரசுக் கட்சியின் பிறப்புக்குக் காரணமாயிற்றோ, அதே வினா அக்கட்சி ஆட்சிக்கு அண்மையிற் சென்ற ஒரே சந்தர்ப்பத்தில் ஆவணத்தினின்றும் மறைந்துவிட்டது. இம்மறைவு தற்செயலானதன்று. பேரம் பேசும் இடத்தில் கையிலிருந்தது வட கிழக்கு வாக்காளரின் ஆணை மாத்திரமே. வாக்கிழந்தவரின் சார்பில் வழக்குப் பேச எவரும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை.

இரு ஒப்பந்தங்களும் நிறைவேறவில்லை. 1958 ஏப்ரல் 9ஆம் நாள் தம் இல்லத்தின் முன் திரண்ட பிக்குமாரின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பண்டாரநாயக்க முதலாவதைக் கைவிட்டார். கைவிட்டமையை எழுத்திலும் தந்தார். கையொப்பத்தைக் கையொப்பமே அழித்தது. 1968இல் மாவட்ட சபை மசோதாவை டட்லி கைவிட்டார். அதே ஆண்டில் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த மு. திருச்செல்வமும் பதவி துறந்தார். ஒப்பந்தத்தை மீறுவோனைக் குடியியல் நீதிமன்றத்தில் நிறுத்தி நட்டஈடு பெறலாம். அரசு மீறும்போது எந்நீதிமன்றம்? ஒப்பந்தம் என்பது சமநிலையிலுள்ள இரு தனியாட்கள் சுதந்திரமாகச் செய்துகொள்வது என்னும் கற்பனை முதலாளித்துவச் சட்டத்தின் அடித்தளம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே அக்கற்பனை எவ்வளவு பொய்யோ, பெரும்பான்மை அரசுக்கும் சிறுபான்மைத் தேசிய இனத்துக்கும் இடையே அது அவ்வளவு பொய்யாகும். செல்வநாயகம் இதனை அறியாதவரல்லர். ஆயின் மக்களைத் திரட்டி அரசைத் தாக்குப்பிடிக்கச் செய்யும் ஆற்றல் எங்கிருந்து வரமுடியுமோ அங்கு அவர் செல்லவில்லை. அதற்கு மாவிட்டபுரம் சாட்சி.

4

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் தெல்லிப்பழைக்கு அருகே, செல்வநாயகத்தின் தொகுதிக்குள் அமைந்தது. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க் கடையில் தனிப் பேணியும் கோயிலிற் பூட்டிய வாயிலும் இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலம் புதிய கட்டமொன்றைத் தொடக்கி வைத்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அதனைத் தொடர்ந்து உருவாயிற்று. 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கோயிலுள் நுழையக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களைத் தடுத்து வாயிலில் நின்றவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தனித் தமிழ் ஈழம் என்னும் கோரிக்கையைத் தமிழரசுக் கட்சிக்கு முன்பே எழுப்பியவர். அவர்மீது மேற்குறித்த சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. கோயில் வாயிலைக் காக்க அவர் வழக்கைப் பிரிவி கவுன்சில் வரை கொண்டு சென்றார்.

காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் செய்த கட்சியின் தலைவர், தமது சொந்தத் தொகுதியிற் சத்தியாக்கிரகம் செய்தோருடன் சென்று அமரவில்லை. கிறித்தவராகிய தாம் சைவாலய விவகாரத்திற் தலையிடுதல் பொருந்தாது என்பதே அவரது நிலைப்பாடு. அவருக்குச் சாதி வெறி இருந்தது என்று எவரும் கூறியதில்லை, நாமும் கூறவில்லை. ஒரு வழக்கறிஞர் தமக்கு உரித்தில்லாத வழக்கில் முன்னிலையாக மறுக்கும் முறைமையையே இங்கு காண்கிறோம். 1949இல் தமக்கு நேரடி நலனில்லாத மலையகத்தவரின் வழக்கில் தடையின்றி முன்னிலையானவர், தம் வீட்டுக்கு அண்மையில் நிகழ்ந்த வழக்கில் உரித்து இல்லை என்றார். வேறுபாடு எங்குள்ளது? மலையகத்தின் வழக்கிற் பிரதிவாதி அரசு. மாவிட்டபுரத்திற் பிரதிவாதிகள் கட்சியின் வாக்காளர், காணி உடையவர், கிணறும் கோயிலும் உடையவர். சட்டத்தின் சம்பிரதாய நியாயம் வர்க்க நலனைக் கடக்கக்கூடும் என முன்னர்க் கூறினோம். அது கடக்கவியலாத எல்லை வேலியும் இதுதான்.

இலக்கிய வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை இதனோடு வைத்து நோக்கலாம். செல்வநாயகம் 1947இல் தொடக்கிய ‘சுதந்திரன்’ பத்திரிகை எஸ். டி. சிவநாயகத்தின் ஆசிரியத்துவத்தில் ஐம்பதுகளின் இளம் எழுத்தாளர் பலருக்குக் களமாயிற்று. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அதன் பக்கங்களில் எழுதியவர்கள். மொழியுணர்ச்சியை வளர்க்க எழுந்த பத்திரிகை, அம்மொழிக்குள் ஒடுக்கப்பட்டோரின் குரலுக்கும் இடமளித்தது. ஆயினும் அக்குரல் அங்கு நிலைக்கவில்லை. அறுபதுகளில் அது முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தையும் 1966இல் தோன்றிய ‘மல்லிகை’யையும் தன் இல்லமாக்கிக்கொண்டது. 1972இல் டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்தபோது தமிழ்த் தேசியத்தின் அதிகாரபூர்வ இலக்கியம் பழம்பெருமை பாடிக்கொண்டிருந்தது.

1970 தேர்தலிற் காங்கேசன்துறையில் அவரை எதிர்த்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர்: ஒருவர் மாவிட்டபுரம் வாயிற்காவலர் சுந்தரலிங்கம், மற்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். பேசாதிருந்தமைக்காக இரு புறத்தாரும் அவரிடம் கணக்குக் கேட்டனர். அவர் வென்றார்.

5

அதன்பின் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அரசாங்க எழுதுவினைஞர் கோடீசுவரன், சிங்களத்திற் சித்தியடையாமையால் வேதன உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்கிட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் தனிச்சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனக் கண்டது. அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட இயலாது என உயர்நீதிமன்றம் 1967இற் கூறியது. 1969இல் பிரிவி கவுன்சில் அதனை மறுத்து, யாப்பு வினாவை மீள விசாரிக்குமாறு திருப்பியனுப்பியது. அவ்விசாரணை நிகழவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவின் காப்பும் இல்லை.

அன்னிய நாட்டு நீதிமன்றைத் துறந்தமை முற்போக்கான செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்யாப்பை ஆக்கியவர் யார்? லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி. சில்வா. 1956இல் ஒருமொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் எனப் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அவரே. பதினாறு ஆண்டுகளின் பின் அதே கை சிங்களத்துக்கு யாப்புத் தகுதியும் பௌத்தத்துக்கு முதன்மை இடமும் வரைந்தது. இடையில் 1964இற் கூட்டரசாங்கமும், 1966 சனவரியிற் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்ற ஆர்ப்பாட்டமும் நிகழ்ந்திருந்தன. பாட்டாளி வர்க்கத்தின் பேரால் இனவாதத்துக்கு முன் மண்டியிட்டமையை எந்தத் தந்திரோபாய விளக்கமும் நியாயப்படுத்தாது. செல்வநாயகத்தின் வரம்புகளை எடுத்துரைக்கும் மார்க்சியர் இதனை முதலிற் கூறுதல் கடமையாகும். வடபகுதி உழைக்கும் மக்கள் செல்லக்கூடியதாயிருந்த மறுவழியை அடைத்தவர்களுள் தெற்கின் இடதுசாரித் தலைவர்களும் அடங்குவர்.

யாப்பாக்கப் பேரவையிலிருந்து 1971இல் தமிழரசுக் கட்சி வெளியேறியது. 1972 மே 14இல் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவாக, செல்வநாயகமும் பொன்னம்பலமும் தொண்டமானும் ஒரே மேடையில் அமர்ந்தனர். ஒக்டோபர் 3ஆம் நாள் செல்வநாயகம் தமது ஆசனத்தைத் துறந்தார். தமிழ் மக்கள் புதிய யாப்பை ஏற்றனரா என்பதைத் தமது தொகுதி தீர்ப்பளிக்கட்டும் என அரசுக்கு அறைகூவல் விடுத்தார். மேன்முறையீட்டுக்கு மன்று இல்லாதபோது வாக்காளரையே மன்றாக்கும் வழக்கறிஞரின் இறுதி உத்தி இது. அரசு இடைத்தேர்தலை இரண்டு ஆண்டு நான்கு மாதம் இழுத்தடித்தது. அக்காலத்துள் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் இளைஞரைக் கொதிக்கவைத்தது. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்துத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியாயின.

1975 பெப்ரவரி 6ஆம் நாள் தேர்தல் நிகழ்ந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், வி. பொன்னம்பலத்துக்கு 9,457, மூன்றாமவருக்கு 185. பெரும்பான்மை 16,470. இது சுதந்திரத் தமிழ் ஈழத்துக்கான ஆணை எனச் செல்வநாயகம் அறிவித்தார். பெரும்பான்மை ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் வரலாற்று மாணவன் அந்த 9,457 வாக்குகளையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். ஆளும் கூட்டணியின் வேட்பாளருக்கு, அவ்வளவு கொதிப்பான சூழலில், ஒவ்வொரு நான்கு வாக்காளருள்ளும் ஒருவர் ஏன் வாக்களித்தார்? சலுகை ஒரு காரணமாகலாம். சாதியெதிர்ப்புப் போராட்டத்தாலும் தொழிற்சங்கத்தாலும் இப்பகுதியில் வேரூன்றிய இயக்கத்தின் வேட்பாளர் பொன்னம்பலம் என்பதையும் மறத்தலாகாது. மாவிட்டபுரம் வாயிலில் அமர்ந்தவர்க்கு, தம்மோடு வந்து அமராத கட்சி கேட்ட ஆணையில் ஐயம் இருந்திருப்பின் அது வியப்பன்று. எண்ணிக்கையில் ஆணை ஒன்றாகலாம். அதனுள் இரு வழக்குகள் இருந்தன.

1976 மே 14இல் பண்ணாகத்தில் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஏற்கவில்லை. 1949இல் யாருக்காகக் கட்சி பிறந்ததோ அவர்களுக்கு அத்தீர்மானத்தின் நாட்டெல்லைக்குள் இடம் இருக்கவில்லை. அதே மே மாதம் துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காக அமிர்தலிங்கம் முதலானோர் கைதாகி, யூரிமாரின்றி நீதிபதிகள் குழு முன் நிறுத்தப்பட்டனர். அவ்வழக்கிற் பெருந்தொகையான தமிழ் வழக்கறிஞர்கள் முன்னிலையாயினர். பிரிந்த முப்பதாண்டுப் போட்டியாளர்களான பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் எழுந்து நின்றனர். குடியரசு யாப்பே செல்லுபடியற்றது என்னும் வாதம் அங்கு எழுப்பப்பட்டது. 1977 பெப்ரவரியிற் பொன்னம்பலமும் ஏப்ரல் 26இற் செல்வநாயகமும் காலமாயினர். யூலைத் தேர்தலிற் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. உடுப்பிட்டியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த த. இராசலிங்கம் அக்கட்சியின் சார்பிற் தெரிவானார். போராட்டங்களின் அழுத்தம் இன்றி அது நேர்ந்திராது. காங்கேசன்துறையில் அமிர்தலிங்கம் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அவரும் வழக்கறிஞரே.

1990 யூனில் தொடங்கிய போரில் தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. உயர்சாதியினரும் ஒடுக்கப்பட்டோரும் ஒருங்கே அகதிகளாயினர். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒண்டியிருந்தோருள் உறுதி வைத்திருந்தோரும் இருந்தனர். பிறர் காணியிற் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து உறுதியே இல்லாதவரும் இருந்தனர். போர் முடிந்தபின் காணிகள் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. 2013இல் அரசு அங்கு 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியது. காணிக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தம் உறுதிகளுடன் கொழும்பு சென்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தனர்.